பாட்டுப் பள்ளியில் படிக்கும் பையனோடு கோவைக்குத் திரும்புகிறோம், அங்கே என்ன இருக்கிறது?

டான்யூப் கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாங்கள் இருப்பது புடாபெஸ்ட்டில். அடுத்த ஆண்டு கோவைக்கே திரும்ப வேண்டியிருக்கும். பையன் 3ஆம் வகுப்பு முடிக்கிறான். இங்கே 'எனெக்-ஸெனெ' பிரிவு என்று சில தொடக்கப் பள்ளிகளில் உண்டு. பாட்டுப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. கணக்கு, மொழி, இயற்கை எல்லாம் மற்ற பள்ளி மாதிரியே. கூடுதலாக வாரத்தில் நான்கு பாட்டு வகுப்பு. சேர்ந்திசைக் குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் ஒத்திகை.

பெற்றோர் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்க்கும் நாள் ஒன்று வைப்பார்கள். போயிருந்தேன். ஆர்மோனியம் இல்லை, கீபோர்டு இல்லை. ஆசிரியை ஒரு இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) முழங்காலில் தட்டிக் காதருகே வைத்து, மெல்ல முனகிச் சுருதி எடுத்துக்கொடுத்தார். அவ்வளவுதான் வாத்தியம். பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது கையை மூடினார். சத்தம் நின்றது. ஆனால் பிள்ளைகளின் தலை அசைந்துகொண்டே இருந்தது. பாட்டு உள்ளே ஓடுகிறது. கையைத் திறந்தார். இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் அதே சொல்லில், அதே சுருதியில் வந்து விழுந்தார்கள். ஒளித்துவைத்த மெட்டு என்கிற அர்த்தத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வாரா வாரம் ஆடும் விளையாட்டாம்.

எனக்கு இதை விடப் பிடித்தது வகுப்புக்கு வெளியே நடப்பது. பழைய பேப்பர் சேகரிக்கும் வாரம் வந்தால் அப்பாக்கள் காரில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று தராசு வைத்துப் பார்ப்பார்கள். வரும் காசு வகுப்பு நிதிக்கு. மே மாதம் அன்னையர் தினத்துக்கு அம்மா, பாட்டி எல்லாரையும் கூப்பிட்டுப் பிள்ளைகள் பாடுவார்கள். கைக்குட்டை இல்லாமல் போகக்கூடாது என்று முதல் வருஷமே ஒரு பாட்டி சொல்லிவிட்டார். ஜூனில் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் விடைபெறும் நாள்: முன்னால் போகிறவர் தோளில் கை வைத்து வரிசையாகப் பாடிக்கொண்டே ஒவ்வொரு வகுப்பறையாகச் சுற்றி வருவார்கள். சின்னப் பிள்ளைகள் நடைவழியில் இரண்டு பக்கமும் நின்று திருப்பிப் பாடுவார்கள். எனக்கு ஹங்கேரிய மொழி இன்னும் தத்தித் தத்தித்தான் வருகிறது. ஆனாலும் அந்தப் பள்ளியில் நான் வெளியாள் இல்லை.

கேள்வி இதுதான்: கோவையில் இது மாதிரி ஏதாவது உண்டா? பையனைப் பெரிய பாடகன் ஆக்கும் எண்ணம் இல்லை. அவன் குரல் சுமார்தான்.


பீளமேடு பாலு

ஏனுங்க, கோவையில் மியூசிக் இல்லாத பள்ளியைத்தான் தேடணும். எல்லா பிரைவேட் பள்ளி விளம்பரத்திலும் கிடார் பிடித்த குழந்தை படம் இருக்கு. கீபோர்டு, வயலின், டிரம்ஸ். வாரம் ஒரு பீரியட், தனிக் கட்டணம், லண்டன் கிரேடு பரீட்சை. என் பெண் கீபோர்டில் இரண்டு கிரேடு முடிச்சாச்சு. கல்யாண வீட்டில் ஒரு பாட்டுப் பாடு கண்ணு என்றால் வாயே திறக்க மாட்டாள்.

நீங்கள் சொல்கிற மாதிரி, வகுப்பே சேர்ந்து பாடுகிற பள்ளி? எனக்குத் தெரிந்து இல்லைங்க.


சுருதிப்பெட்டி

சென்னையில் பள்ளி இசை ஆசிரியை. ஹங்கேரியின் கெச்கெமேட் நகரில் ஒரு கோடைப் பயிற்சிக்குப் போய் வந்தவள். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளிகளின் பின்னால் இருப்பவர் ஸோல்தான் கோடாய் (1882–1967). இசையமைப்பாளர், நாட்டுப்பாடல் சேகரித்தவர். பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த பாட்டுகளின் தரத்தைப் பார்த்து நொந்துபோய், 1920களிலேயே பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கிவிட்டார். கிஷ்வார்தா என்கிற சின்ன ஊரின் பாட்டு ஆசிரியர் யார் என்பது, தலைநகர ஆப்பராவின் இயக்குநர் யார் என்பதை விட முக்கியம் என்பது அவர் கட்சி. மோசமான இயக்குநரை ஒரு வருஷத்தில் அனுப்பிவிடலாம். மோசமான ஆசிரியர் முப்பது வருஷம் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வகுப்புக்கும் இசை மீது வெறுப்பு வரவைத்துவிட்டுப் போவார். ஆசிரியர் அறையில் இதைப் படித்துக்காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

தினமும் பாட்டு வகுப்பு உள்ள முதல் தொடக்கப் பள்ளி 1950இல் கோடாய் பிறந்த ஊரான கெச்கெமேட்டில் தொடங்கியது. தொடங்கியவர் மார்தா நெமெஸ்ஸெகி என்ற ஆசிரியை. அதற்கு முன்பே 1946இல் பேகேஷ்தார்ஹோஷ் என்ற கிராமத்தில் தங்கிப் படிக்கும் பாட்டுப் பள்ளி ஒன்று இருந்தது, 1954இல் மூடிவிட்டார்கள். கெச்கெமேட் பள்ளி பிழைத்தது, அதைப் பார்த்து நாடு முழுக்க வந்தன. 1964இல் உலக இசைக் கல்வி மாநாடு புடாபெஸ்ட்டில் நடந்தபோது வெளிநாட்டார் நேரில் பார்த்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் யுனெஸ்கோ, மரபைக் காக்கும் நற்செயல்களுக்கான தன் பதிவேட்டிலும் இந்த முறையைச் சேர்த்தது.

முறையில் புதிதாகக் கண்டுபிடித்தது குறைவு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச் சைகை உண்டு, அது இங்கிலாந்தின் ஜான் கர்வென் என்பவருடையது (தோ, மி, ஸோ, லா என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்): மூடிய முஷ்டி தோ, தரை பார்த்த தட்டையான உள்ளங்கை மி, தன்னைப் பார்த்த உள்ளங்கை ஸோ, மணிக்கட்டிலிருந்து தொங்கும் கை லா. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் தோ தோதான், நம் ஷட்ஜம் (ச) மாதிரி. நம்மவர்களுக்கு இது ஒரு நாளில் புரிந்துவிடும். பயிற்சியில் என் பக்கத்து மேசை அமெரிக்கர் இதற்காகப் பட்ட பாடு இருக்கிறதே!

இன்னொன்று. சிறுவர்களுக்கு முதலில் கொடுப்பது ஸோ–மி, அதாவது நம் ப–க. அப்புறம் த சேரும். அப்புறம் ச, ரி. ஐந்தும் வந்தால் கையில் இருப்பது மோகன ராகம். அவர்களுடைய பழைய நாட்டுப்பாடல்கள் பல லாவை ஆதாரமாக வைத்தவை. மோகனத்தின் தைவதத்தை (த) ஷட்ஜமாக்கினால் என்ன வரும்? சுத்த தன்யாசி ராகம். கிராமத்துப் பாட்டி ஒருவர் பாடிய பழைய ஒலிப்பதிவைக் கேட்டபோது தஞ்சாவூர்ப் பக்கம் எங்கோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கோவை விஷயத்துக்கு வருகிறேன். பாட்டையே நடுவில் வைத்த தொடக்கப் பள்ளி நம்மூரில் எனக்கும் தெரியாது. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 12 வயதுக்கு மேல்தான் சேர்க்கை. அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரை. வார இறுதி வகுப்பு, கட்டணம் மிகக் குறைவு. முதலில் அங்கே விசாரியுங்கள்.


குடந்தைத் தவில்

நாலு தலைமுறையாகத் தவில். மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

முப்பது பிள்ளைகளை உட்காரவைத்துக் கோரஸ் பாடவைப்பதால் இசை வளராது. எங்கள் வீட்டில் 6 வயதில் சொல் பாடம் தொடங்கும். விடியற்காலையில் ஒரே சொல்லை வாயால் சொல்லி, கையில் தாளம் போட்டு, தாத்தா போதும் என்கிற வரைக்கும். அவர் லேசில் போதும் என்று சொல்ல மாட்டார். ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்தால்தான் கை திருந்தும். கூட்டத்தில் யார் தப்பு, யார் சரி என்று எப்படித் தெரியும்? ஸ்வரம் சரியாக வருகிறவன் வராதவனோடு சேர்ந்து மழுங்கிப்போவான். பாட்டுப் பள்ளி, பாட்டுப் பள்ளி என்கிறீர்கள். அதிலிருந்து வித்வான் வந்தானா?


டான்யூப் கரை

அண்ணா, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மாலையில் தனியாக வயலினோ புல்லாங்குழலோ கற்கிறார்கள். அதற்கு ஒருவருக்கு ஒருவர்தான், வேறு ஆசிரியர், வேறு பள்ளி. காலையில் நடப்பது அதற்குப் போட்டி இல்லை. யார் தப்பு என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரிகிறது. ஆசிரியை இரண்டு கையாலும் வேறு வேறு சைகை காட்டுவார். இடது கைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஸ்வரம், வலது கைப் பக்கம் வேறு ஸ்வரம். ஒருவன் நழுவினால் பக்கத்தில் நிற்கிறவனே திரும்பிப் பார்க்கிறான். என் பையன் நிறைய முறை அப்படிப் பார்க்கப்பட்டிருக்கிறான் என்று அவனே சொல்வான்.

வித்வான்கள் வந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. என் பையனின் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா பேருந்து ஓட்டுகிறார். அன்னையர் தின விழா முடிந்து படி இறங்கும்போது அவரும் மற்றவர்களும் இரண்டு குரலாகப் பிரிந்து பாடிக்கொண்டே போனார்கள். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. அவரும் சின்ன வயதில் இப்படி ஒரு பள்ளியில் படித்தவராம்.


சுருதிப்பெட்டி

தவில் அண்ணாவுக்கு: கோடாய் வித்வான் தேடவே இல்லை. கேட்கத் தெரிந்தவர்களைத்தான் தேடினார். நீங்கள் மல்லாரி வாசித்தால் சாமி புறப்பாடு என்று தெரிந்து எழுந்து நின்ற கூட்டம் ஒன்று இருந்ததே, அது எங்கே போனது? உங்கள் தாத்தாவிடம் படித்தவர்கள் மட்டுமா அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்?


குடந்தைத் தவில்

அது நியாயமான கேள்வி. போன முகூர்த்தத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணி ராகத்தை விஸ்தாரமாக எடுத்தார் எங்கள் நாயனக்காரர். பாதியில் ஒருவர் வந்து சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டார், போனில் பேசுகிறாராம். தவில் சத்தத்தைக் குறைக்கப் பொத்தான் எங்கே இருக்கிறது!

கேட்கத் தெரிந்தவர் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதைப் பள்ளிக்கூடம் செய்யும் என்பதில்தான் சந்தேகம்.


யாழ் சித்தி

எங்கட பக்கத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. இலங்கையில் 6ஆம் வகுப்பிலிருந்து அழகியல் பாடம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், இவற்றில் ஒன்று எடுக்க வேணும். சாதாரண தரப் பரீட்சையிலும் எடுக்கலாம். அதனால் பள்ளிக்கூடங்களுக்குச் சங்கீத ஆசிரியர் பதவி என்று ஒன்று இருக்குது. வெள்ளிக்கிழமைகளில் பண்ணிசை பாடித்தான் நாங்கள் எல்லாம் வளர்ந்தனாங்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை எழுதாத பெட்டைப் பிள்ளை எங்கட தெருவில் குறைவு.

ஆனால் ஒன்று சொல்ல வேணும். சோதனை, தமிழ்த் தினப் போட்டி என்று வந்தாப் பிறகு, குழுப்பாட்டு என்றாலும் குரல் நல்ல பத்துப் பிள்ளைகள்தான் மேடையில். மற்றவை கதிரை (நாற்காலி) அடுக்கும். நானும் கதிரை அடுக்கின கூட்டம். இந்த ஹங்கேரிப் பள்ளியில் போட்டி எப்படி நடக்குது?


டான்யூப் கரை

சித்தி, 'பாடும் இளைஞர்' என்று ஓர் இயக்கம் 1934இலிருந்து இருக்கிறது. பள்ளிச் சேர்ந்திசைக் குழுக்கள் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும். நடுவர்கள் தகுதி கொடுப்பார்கள்: தங்கம், வெள்ளி, வெண்கலம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வரிசை இல்லை. வந்த எல்லாக் குழுவும் நன்றாகப் பாடினால் எல்லாருக்கும் தங்கம். அதனால் அடுத்த பள்ளிப் பிள்ளைகள் பாடும்போது நம் பிள்ளைகள் தப்புக்காகக் காத்திருப்பதில்லை.

கதிரை அடுக்கும் விஷயம் இங்கேயும் கொஞ்சம் உண்டு. வகுப்பில் எல்லாரும் பாட வேண்டும், ஆனால் பெரிய குழுவுக்குக் குரல் பார்த்துத்தான் எடுப்பார்கள்.


பெச் மாணவன்

ஹங்கேரியில் மருத்துவம் படிக்கிறேன். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றட்டுமா?

அக்கா சொல்லும் பள்ளிகள் முன்பு இருந்த அளவு இப்போது இல்லை. சாதாரணப் பள்ளியில் பாட்டு வாரம் ஒன்று, இரண்டு வகுப்புதான். 2012இலிருந்து தினமும் உடற்பயிற்சி கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். நல்லதுதான், ஆனால் கால அட்டவணையில் இடம் எங்கிருந்து வரும்? அப்புறம் 1ஆம் வகுப்பில் சேர்க்கும்போதே பிள்ளையைப் பாடச்சொல்லி, கைதட்டலைத் திருப்பித் தட்டச்சொல்லிக் கேட்கிறார்கள். எந்த வீட்டில் அம்மா அப்பா பாடுகிறார்களோ, புத்தகம் இருக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளைதான் தாண்டும். எல்லாருக்கும் இசை என்பது கோடாயின் கோஷம். நடைமுறையில் இந்தப் பிரிவுகள் விவரம் தெரிந்த பெற்றோர் பிள்ளையை நல்ல வகுப்பில் போடும் குறுக்கு வழியாகவும் இருக்கின்றன. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் சொல்லித்தான் இதைக் கவனித்தேன்.


அரைக்கிறுக்கன்

பாட்டுப் படித்தால் கணக்கு நன்றாக வரும் என்கிறார்களே, உண்மையா?


சுருதிப்பெட்டி

கணக்கு வர வேண்டும் என்றால் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிடலாமே.


ஈராசிரியர்

விழுப்புரம் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. என் பெயர் சொல்வதுதான் நிலைமை: இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது ஓவியம், உடற்பயிற்சியோடு சிலர் இசைக்கும் வந்தார்கள். அதுவும் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும். எங்களுக்கு யாரும் இல்லை. ஆனால் பாட்டு இல்லை என்று சொல்ல முடியாது. 'எண்ணும் எழுத்தும்' என்கிற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து 1 முதல் 3 வரை பாதி வகுப்பு பாட்டும் கைதட்டலும்தான். பிள்ளைகள் கத்துவார்கள். பாடுகிறார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அரசாணை வந்தபோது முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், 55 விநாடியில் பாட வேண்டும், இசைத்தட்டு போடாமல் வாயால் பாட வேண்டும் என்று சொன்னார்கள். நாங்கள் எப்போதும் வாயால்தான். இசைத்தட்டுக்கு எங்கே போவது. எங்கள் பாட்டு ஒரு பக்கம் மேலே போகும், ஒரு பக்கம் கீழே போகும், முடிகிற இடத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள்.

மோகனம் என்று சுருதிப்பெட்டி மேடம் எழுதியதைப் பார்த்ததும்தான் தோன்றியது. தினமும் ஒரு பெந்தாட்டோனிக் (ஐந்து ஸ்வர) பாட்டு பாடவைக்கிறோம், அதை வைத்து எதுவும் செய்வதில்லை. எனக்குப் பாட வராது, இது முதலிலேயே தெரியட்டும். அந்தக் கை மூடும் விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?


சுருதிப்பெட்டி

தாராளமாக. ஆனால் வாழ்த்துப் பாடலில் தொடங்காதீர்கள், அது நீளம். வீட்டில் பாடும் கைவீசம்மா போதும். இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும். எங்கே நிறுத்தினாலும் பிள்ளைகள் வழி தவறாது.

முக்கியமான ஒன்று: ஆண் ஆசிரியர்கள் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) எடுத்துக்கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் அந்தக் கீழ்க் குரலைத் தொட முயன்று அடித்தொண்டையில் உறுமுவார்கள். பாட வரவில்லை என்று நாம் நினைப்பதில் பாதி இதுதான். இரண்டு அல்லது மூன்று கட்டை, பிள்ளைகளின் இயல்பான உயரத்தில் இருக்கட்டும். உங்களால் முடியாவிட்டால் குரல் நிற்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். செல்போனில் தம்பூராச் செயலி இருந்தால் இன்னும் நல்லது. பாட்டுக்கு முன்னால் மட்டும், கூடவே ஓடவிட வேண்டாம். கத்தாதே என்று சொல்லாதீர்கள். பக்கத்துப் பிள்ளையின் குரல் உன் காதில் விழ வேண்டும் என்று சொல்லுங்கள், சத்தம் தானாக இறங்கும்.

நம்மூரில் யாரும் முயலவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் 1970களின் தொடக்கத்திலேயே சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு தொடங்கி, பாரதியைப் பல குரலில் பாடவைத்தார். 1980களில் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. பல மொழிப் பாடல்களைச் சேர்த்து, ஆசிரியர்களுக்குச் சமுதாயப் பாடல் முகாம்கள் நடத்தியது. முகாம் முடிந்ததும் ஆசிரியர் தன் பள்ளிக்குப் போய்த் தனியாள் ஆகிவிடுவார், அங்கேதான் அறுந்தது. ஹங்கேரியில் பயிற்சிக் கல்லூரி, பாடநூல், பள்ளி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கெச்கெமேட்டில் கோடாய் கழகம் என்ற பயிற்சி நிறுவனம் 1975இல் வந்தபோது அந்த ஊர்ப் பள்ளிக்கு 25 வயது.


பீளமேடு பாலு

இந்த இழையைப் படித்துவிட்டு வீட்டில் பெண்ணோடு சேர்ந்து பாடிப் பார்த்தேனுங்க. அப்பா நீ சுருதியிலேயே இல்லை என்கிறாள். கிரேடு பரீட்சைக்குக் கட்டின காசு வீண் இல்லை.


ஈராசிரியர்

செய்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். 2, 3ஆம் வகுப்பு சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துக்கொடுத்தது 3ஆம் வகுப்பில் ஒரு பெண். வகுப்பில் பதில் சொல்ல எழுப்பினாலே தலை குனிகிறவள். கையை மூடினேன், நின்றார்கள். திறந்தேன். முதலில் ஆளுக்கு ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு ஒரே கலாட்டா. சிரிப்பு அடங்கவே நேரமானது. பிறகு பாட்டை மனசுக்குள் ஓட்டும்போது தொடையில் ஒரு விரலால் தட்டச்சொன்னேன். அது உதவியது. வெள்ளிக்கிழமை ஏறக்குறைய எல்லாரும் ஒரே சொல்லில் வந்தார்கள், சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மதியம் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு அவர்களே ஆடுகிறார்கள். ஆயாம்மா கரண்டியைத் தூக்கினால் நிற்க வேண்டும், இறக்கினால் பாட வேண்டும்.

அடுத்தது என்ன? கைச் சைகை கற்றுக்கொடுக்கலாமா, சீக்கிரமா?


சுருதிப்பெட்டி

ப, க இரண்டுக்கு மட்டும் காட்டுங்கள். த அடுத்த மாதம். சுருதி இறங்குவது களைப்பில், கவலைப்படாதீர்கள். உட்கார்ந்து பாடாமல் நின்று பாடவையுங்கள்.


குடந்தைத் தவில்

வாத்தியார் ஐயா, விரல் தட்டுவதைத் தாளமாக மாற்றிவிடுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. கை மூடியிருக்கும்போது தாளம் மட்டும் ஓடட்டும். அப்போது ஒருவனும் வழி தவற மாட்டான். விழுப்புரம் வழியாகத் திருவண்ணாமலைக்கு அடிக்கடி போவேன். பள்ளி நாளில் ஒருமுறை தவிலோடு வருகிறேன். காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுங்கள்.


டான்யூப் கரை

பையனின் ஆசிரியையிடம் 1, 2ஆம் வகுப்புக்கான பாட்டுகளின் ஸ்வரக் குறிப்பைக் கேட்டிருக்கிறேன். தருகிறேன் என்றார், ஆனால் இங்கே விடுமுறை தொடங்கிவிட்டது, செப்டம்பர் 1க்குத்தான் பள்ளி திறக்கும். வந்ததும் சரிகமவில் மாற்றி இங்கேயே போடுகிறேன். பாலு அண்ணா, ஜவகர் சிறுவர் மன்றம் கோவையில் எந்த இடத்தில் நடக்கிறது என்று ஒருமுறை நேரில் கேட்டுச் சொல்ல முடியுமா?